இறக்கையில் பனி: துடைப்பதா, தெளிப்பதா, நிற்பதா?

கனடாவில் குளிர் தொடங்கியதும், விமானம் ஓட்டப் பழகும் நம் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வரும். "இறக்கையில் லேசான உறைபனிதான், வெயில் ஏறினால் போய்விடாதா?" "டைப் 1 மட்டும் அடித்தால் போதுமா, டைப் 4-உம் வேண்டுமா?" "போகிற ஊரில் டீ-ஐசிங் வண்டியே இல்லையாம், என்ன செய்வது?" (டீ-ஐசிங் என்றால் கிளம்பும் முன் திரவம் தெளித்துப் பனியை நீக்குவது. டைப் 1, டைப் 4 எல்லாம் அந்தத் திரவத்தின் வகைகள்.) பயணிகளாகப் போகிறவர்களுக்கும் ஒரு சந்தேகம் உண்டு: நேற்று இதே விமானம் நேரே கிளம்பியது, இன்று மட்டும் ஏன் இவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது?

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதற்கு இல்லை. ஆனால் எந்த நிலையில் எந்த வழி சரி, ஒவ்வொரு வழிக்கும் வெளியே தெரியாத விலை என்ன என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் கனடா விதிகளை வைத்துப் பேசுகிறேன். உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

## "அப்படியே போய்விடலாம்" என்பது ஒரு வழியே அல்ல

கனடிய விமானப் போக்குவரத்து விதிகளில் 602.11 இதைத் தெளிவாகச் சொல்கிறது. முக்கியப் பரப்புகளில் உறைபனியோ பனியோ பனிக்கட்டியோ ஒட்டியிருந்தால் கிளம்பக் கூடாது. கிளம்ப முயலவும் கூடாது. இறக்கை, வால், கட்டுப்பாட்டுப் பரப்புகள், புரொப்பெல்லர் எல்லாம் இதில் அடங்கும். எஞ்சின் பின்புறம் உள்ள விமானமென்றால் உடலின் மேற்பரப்பும் சேரும், ஏனென்றால் அங்கிருந்து பெயரும் பனிக்கட்டி நேரே எஞ்சினுக்குள்தான் போகும். விதிவிலக்கு ஒன்று உண்டு: குளிர்ந்த எரிபொருளால் இறக்கையின் அடிப்பக்கத்தில் படியும் உறைபனி. அதையும் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள்தான் விட்டுவைக்கலாம்.

எத்தனை மில்லிமீட்டர்வரை பரவாயில்லை என்று கேட்கிறவர்கள் தடிமனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். காற்றுக்குத் தடிமனைவிடச் சொரசொரப்புதான் பெரிய விஷயம். இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம்வரை குறையலாம், காற்று பின்னிழுக்கும் இழுவை 40 சதவீதம்வரை கூடலாம். அதைவிட மோசம், இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் கோணம் முன்னதாகவே வந்துவிடும். எச்சரிக்கைக் கருவி ஒலிப்பதற்கு முன்பே விமானம் சரிந்துவிடலாம். அமெரிக்காவில் உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் பறக்கலாம் என்று நெடுங்காலம் ஒரு சலுகை இருந்தது. 2010 தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

2002 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு சேலஞ்சர் 604 விமானம் இரவில் இறக்கையில் படிந்த உறைபனியோடு கிளம்பியது. பனிப்பொழிவு இல்லை, புயல் இல்லை. தரையை விட்டு எழுந்ததுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த ஐவரும் இறந்தார்கள். அன்று காலை அதே விமான நிலையத்தில் மற்ற விமானங்கள் டீ-ஐசிங் செய்துகொண்டுதான் போயின.

## எதை வைத்து முடிவு செய்வது?

ஒட்டியிருப்பது என்ன? உலர்ந்த பொடிப்பனி வேறு, உறைபனி வேறு, கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டி வேறு. கடைசியாகச் சொன்னதுதான் ஆளை ஏமாற்றும். உயரத்தில் நெடுநேரம் பறந்து வந்த விமானத்தின் தொட்டியில் எரிபொருள் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். வெளியே 8 டிகிரி, 10 டிகிரி இருந்தாலும் அந்த இறக்கைமேல் விழும் மழை உறைந்துவிடும். கண்ணுக்கு அது வெறும் ஈரமாகத்தான் தெரியும். கையுறையைக் கழற்றி, தொட்டிக்கு மேலே, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரமான உலோகமென்றால் ரிவெட்டுகளும் தகட்டு விளிம்புகளும் விரலில் படும். பனிக்கட்டியென்றால் எதுவும் தட்டுப்படாமல் ஒரே வழவழப்பாகப் போகும். 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் 751-இல் டீ-ஐசிங் செய்திருந்தார்கள். ஆனால் இந்தத் தெளிந்த பனிக்கட்டி கண்ணில் படாமல் இறக்கையிலேயே தங்கிவிட்டது. எழும்போது அது பெயர்ந்து பின்னாலிருந்த இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் போய், இரண்டுமே நின்றன. வயலில் இறங்கி உடைந்த அந்த விமானத்தில் 129 பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

இப்போது ஏதாவது விழுகிறதா? மிச்சக் கேள்விகளின் பாதி இதிலேயே அடங்கிவிடும். இரவில் படிந்தது மட்டும் என்றால் நீக்கினால் போதும். இன்னும் விழுகிறதென்றால் நீக்கியபின் காக்கவும் வேண்டும்.

ஓடுபாதைக்குப் போய் எழ எவ்வளவு நேரம்? உங்களுக்கு முன்னால் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, பனி அள்ளும் வண்டிகள் ஓடுபாதையை மூடியிருக்கின்றனவா என்பதெல்லாம் இதில் சேரும்.

உங்கள் விமானம் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கும்? கெட்டியான திரவங்கள் காற்றின் வேகத்தில் வழிந்து போகும்படி செய்யப்பட்டவை. அந்த வேகத்தை எட்டாத சிறிய விமானத்தில் அவை போகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த இடத்தில் என்ன கருவி இருக்கிறது? இதைக் கடைசியில் எழுதினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காரணம் கடைசிப் பகுதியில்.

## ஒரு பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | கிளம்பும்வரை காக்குமா? | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| துடைப்பம், உறை, கூடாரம் (விமானக் கொட்டகை) | சிறிய விமானம். பனி நின்ற காலை | இல்லை | உருகிய நீர் கீல்களில் மறுபடி உறைவது |
| டைப் 1 மட்டும் | எதுவும் விழாதபோது. லேசான பனி, மிகக் குறுகிய காத்திருப்பு | சில நிமிடங்கள் | வரிசை நீண்டால் எல்லாம் வீண் |
| டைப் 1, அதன்மேல் டைப் 4 | தொடரும் பனி, உறைதூறல், நீண்ட வரிசை | நிலையைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி, அதற்கும் மேல் | செலவு, இடுக்குகளில் தங்கும் கசடு |
| நிற்பது | கருவி இல்லாதபோது. கன உறைமழை | — | அறை வாடகை, பயணிகளின் கோபம், கெட்ட அட்டவணை |

## துடைப்பம், உறை, கூடாரம்

செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களுக்கு இதுதான் அன்றாட வழி. பொடிப்பனியை மெல்லிய துடைப்பத்தால் தள்ளிவிடலாம். ராத்திரியே இறக்கை உறை போட்டுவைத்தால் காலையில் வேலையே இருக்காது. கூடாரத்துக்குள் தள்ளிச் சூடேற்றினால் எல்லாம் உருகிவிடும்.

இதில் மூன்று இடங்களில் ஜாக்கிரதை வேண்டும். ஒன்று, உருகிய நீர் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள பலகை) கீல்களுக்குள் இறங்கும். வெளியே கொண்டுவந்ததும் அங்கேயே உறையும். துடைத்து உலர்த்தாமல் வெளியே தள்ளாதீர்கள். வெந்நீரை ஊற்றுவதிலும் இதே சிக்கல்தான். இரண்டு, வெளியே இன்னும் பனி விழுகிறதென்றால் சூடான கூடாரத்திலிருந்து விமானத்தை எடுத்துவருவது நிலைமையை மோசமாக்கும். குளிர்ந்த இறக்கையில் உலர்ந்த பனி ஒட்டாமல் கிடக்கும். சூடான இறக்கையில் விழுந்தால் உருகி, பிறகு பனிக்கட்டியாக இறுகிவிடும். மூன்று, வெயிலை நம்புகிறவர்கள் இரண்டு இறக்கைகளையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்து, நிழலில் இருக்கும் பக்கம் வெள்ளையாகவே இருந்தால், விமானம் ஒரு பக்கம் மட்டும் தூக்கும்.

சுரண்டும் கருவி வேண்டாம். தகடும் ஜன்னலும் கீறும். காருக்கு ஊற்றும் திரவங்களும் வேண்டாம். அவை எவ்வளவு நேரம் காக்கும் என்று சொல்ல எந்த அட்டவணையும் இல்லை. சில ரகங்கள் அக்ரிலிக் ஜன்னலில் மயிர்க்கோடு விழவைக்கும்.

வானம் தெளிந்து, அவசரமும் இல்லாத காலையில் இந்த வழியே சிறந்தது, மலிவானதும்கூட. பனி விழத் தொடங்கிவிட்டால் இதை மறந்துவிடுங்கள்.

## டைப் 1 மட்டும்

ஜன்னல் வழியே பார்க்கிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஆவி பறக்கத் தெரிவது இதுதான். கிளைக்கால் (glycol, உறையாமல் தடுக்கும் ரசாயனம்) கலந்த, தண்ணீர் மாதிரி ஓடும் திரவம். முனையில் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். பனியை நீக்குவதில் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்கும் பீய்ச்சும் வேகத்துக்கும்தான். கலவையின் உறைநிலை வெளி வெப்பநிலையைவிடக் குறைந்தது 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும்.

கெட்டித்தன்மை இல்லாததால் எந்த வேகத்தில் எழும் விமானத்துக்கும் பொருந்தும். அதே காரணத்தால் இறக்கையில் நிற்காது. மிதமான பனியில் இது தரும் பாதுகாப்பு சில நிமிடங்கள். லேசான பனியில் கால் மணி நேரத்தை ஒட்டி. இரவெல்லாம் பனி விழுந்து காலையில் நின்றுவிட்டதா? இது போதும். இன்னும் விழுகிறதா? டீ-ஐசிங் இடத்துக்கும் ஓடுபாதைக்கும் உள்ள தூரமே தீர்மானிக்கும். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் உள்ள மைய டீ-ஐசிங் தளம் உலகத்திலேயே பெரியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் உள்ளே வரும், தெளிக்கப்படும், அப்படியே ஓடுபாதைக்குப் போகும். வாயிலிலேயே தெளித்துவிட்டு இழுவைவண்டிக்கும் அனுமதிக்கும் காத்திருந்து, பிறகு நெடுந்தூரம் ஊர்ந்து போகும் விமான நிலையத்தில் இதே டைப் 1 பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். வானிலை ஒன்றுதான், முடிவு வேறாகிறது.

## டைப் 1-க்கு மேல் டைப் 4

முதல் கட்டத்தில் சூடான டைப் 1 நீக்கும். இரண்டாவதில் பச்சை நிற டைப் 4, சூடேற்றாமல், கெட்டியாகப் படலமாக மேலே படியும். முதல் திரவம் உறைவதற்குள், வழக்கமாக 3 நிமிடத்துக்குள், இரண்டாவது விழ வேண்டும். விழும் பனியை இந்தப் படலம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கி.மீ.) அளவில் மூக்கைத் தூக்கும் ஜெட் விமானங்களில் காற்று இதை வழித்துக்கொண்டு போய்விடும். அந்த வேகத்தை எட்டாத விமானங்களுக்கு இது வேண்டாம். அவற்றில் சிலவற்றுக்காக டைப் 3 என்று இடைப்பட்ட ஒன்று உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

எவ்வளவு நேரம் காக்கும் என்பதை கனடா போக்குவரத்துத் துறையும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வும் ஆண்டுதோறும் அட்டவணைகளாக வெளியிடுகின்றன. இதை ஹோல்ட்ஓவர் நேரம் என்பார்கள். அதைப் படிப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, கடைசித் தெளிப்பு முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குவதாக நினைப்பது. அது ஓடத் தொடங்குவது கடைசித் தெளிப்பு ஆரம்பித்த நொடியில். தெளிக்கவே 6 நிமிடம் ஆனால் அந்த 6 நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவது, பனியின் கடுமையைக் கண்மதிப்பில் குறைத்துச் சொல்வது. அதற்குப் பார்வைத்தூரத்தை வைத்துப் பார்க்கும் தனி அட்டவணை இருக்கிறது. பகலும் இரவும் அதில் வேறு வேறு. ஆலங்கட்டிக்கும் மிதமான, கனத்த உறைமழைக்கும் அட்டவணையில் நேரமே கிடையாது. அங்கே எவ்வளவு பச்சைத் திரவம் ஊற்றினாலும் கணக்குச் சொல்ல முடியாது.

நேரம் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு விபத்துகள் சாட்சி. 1982 ஜனவரி 13, வாஷிங்டன்: ஏர் ஃபுளோரிடா 90 டீ-ஐசிங் முடிந்து 49 நிமிடம் பனியில் காத்திருந்தது. முன்னால் நின்ற விமானத்தின் புகைச்சூட்டில் இறக்கைப் பனி உருகும் என்று நெருங்கி நின்றார்கள். எஞ்சினின் உறைவுத்தடுப்பையும் போடவில்லை. பொடோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதியதில் பாலத்தில் இருந்த நால்வரோடு 78 பேர் இறந்தார்கள். 1992 மார்ச் 22, நியூயார்க் லகார்டியா: யுஎஸ்ஏர் 405 இரண்டு முறை டீ-ஐசிங் செய்துகொண்டது. இரண்டும் டைப் 1. இரண்டாவதற்குப் பிறகு ஏறத்தாழ 35 நிமிடம் கழித்தே எழுந்தது. 27 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டீ-ஐசிங் செய்யத்தான் செய்தார்கள். எஃப்ஏஏ அந்த ஆண்டே விமான நிறுவனங்களுக்குத் தரை டீ-ஐசிங் திட்டத்தையும் ஹோல்ட்ஓவர் நேரத்தையும் கட்டாயமாக்கியது.

அட்டவணை நேரம் மிச்சமிருந்தாலும் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். வேலை செய்யும் படலம் பளபளவென்று இருக்கும். விழும் பனித்துகள் அதில் கரைந்து மறையும். சோர்ந்துவிட்டால் பளபளப்பு மங்கி, துகள்கள் கரையாமல் மேலேயே உட்காரும். இறக்கை முன்விளிம்பிலும் விளிம்போரங்களிலும் சாம்பல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கும். அதைப் பார்த்ததும் திரும்பிப் போக வேண்டியதுதான். டைப் 4 படலத்தின்மேல் பனி ஏறிவிட்டால் அதன்மேல் இன்னொரு டைப் 4 பூசுவது பரிகாரமாகாது. முதலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி பூச வேண்டும்.

மறைந்த விலையில் பணம் ஒரு பகுதிதான். கெட்டித் திரவம் வால் இடுக்குகளில் தங்கிக் காய்ந்து பொடியாகும். அடுத்தடுத்த நாட்களில் மழையோ ஈரமோ பட்டால் களிபோல் உப்பி, உயரே போனதும் உறைந்து, கட்டுப்பாடுகளை இறுக்கிவிடும். பவர் உதவியில்லாத கட்டுப்பாடுகள் கொண்ட சில ஜெட் வகைகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆகவே டைப் 4 அடிக்கடி படும் விமானத்தைப் பிரித்துப் பார்த்துக் கழுவும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளைக்கால் ஓடைக்குப் போனால் நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதனால் பெரிய நிலையங்களில் வழிந்தோடியதைப் பிடித்து மறுசுழற்சி செய்கிறார்கள்.

## நிற்பது

இதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. ஆனால் சில இடங்களில் மிச்சமிருக்கும் ஒரே வழி இதுதான். அதற்கு எப்படி வந்து சேர்கிறோம் என்பதைப் பார்க்க ஒன்டாரியோ மாகாணத்தின் சிறிய ஊரான ட்ரைடனுக்குப் போக வேண்டும்.

1989 மார்ச் 10. ஏர் ஒன்டாரியோ 1363, ஃபோக்கர் எஃப்28, தண்டர் பேயிலிருந்து ட்ரைடன் வழியாக வினிபெக்குக்கு. முக்கிய எஞ்சின்களை ஓடவைக்க உதவும் அதன் துணை எஞ்சினான ஏபியு சில நாட்களாகவே வேலை செய்யவில்லை. ட்ரைடனில் தரையிலிருந்து எஞ்சினை இயக்கிவிடும் கருவி இல்லை. அங்கே எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஓடாது. அப்போதிருந்த வழிமுறைப்படி எஞ்சின் ஓடும்போது டீ-ஐசிங் செய்யவும் கூடாது. அதற்குமேல், தண்டர் பேயில் கூடுதல் பயணிகள் ஏறியதால் எடை மிஞ்சி, எரிபொருளை இறக்கினார்கள். அந்தக் குறையை ட்ரைடனில் நிரப்ப வேண்டியதாயிற்று. நிரப்பும்போது பனி விழுந்தது. மோசமான வானிலையில் தடுமாறிய ஒரு சிறிய செஸ்னா இறங்கும்வரை இன்னும் காத்திருந்தார்கள். இறக்கையில் பனியோடு கிளம்பி, ஓடுபாதையைத் தாண்டிக் காட்டில் விழுந்தது; 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். நீதிபதி வர்ஜில் மொஷான்ஸ்கியின் விசாரணை, விமானி ஒருவர்மேல் பழியைப் போட்டு நிற்காமல், அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த முழு ஏற்பாட்டையும் தோண்டியது. ட்ரைடனில் டீ-ஐசிங் வழியை மூடியது பனி அல்ல. ஏபியு பழுதோடு அந்த ஊர் வழியாகப் போகலாம் என்று காலையிலேயே எடுத்த முடிவு.

இதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகும் இதே கதை. 2017 டிசம்பர் 13, சஸ்காட்செவன் வடக்கே ஃபோன்டுலாக். ஒரு ஏடிஆர் 42, 25 பேரோடு, பனிக்கட்டி ஒட்டிய இறக்கையுடன் கிளம்பி விழுந்தது. காயமடைந்தவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார். அங்கே இருந்த டீ-ஐசிங் கருவி என்ன என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியிருக்கிறது: இரண்டு ஏணிகள், கையால் பீய்ச்சும் ஒரு தெளிப்பான், கொஞ்சம் திரவம். ஏடிஆர் 42-இன் இறக்கை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அந்த ஏணியில் ஏறி முழு இறக்கையையும் வாலையும் யார் சுத்தம் செய்வது?

ஆகவே சின்ன ஊர்களுக்குப் பறக்கிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து கேளுங்கள். டீ-ஐசிங் வண்டி இருக்கிறதா, அது என் வால் உயரத்தை எட்டுமா? எந்தத் திரவம், எத்தனை லிட்டர் இருப்பில் இருக்கிறது? தெளிக்கத் தெரிந்த ஆள் நான் இறங்கும் நேரத்தில் இருப்பாரா? எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஓடவைக்க முடியுமா? ராத்திரி தங்க வேண்டிவந்தால் கூடாரம் கிடைக்குமா? இவற்றில் எதற்காவது "இல்லை" என்று பதில் வந்து, வானிலை அறிக்கையிலும் உறைநிலையும் ஈரமும் சேர்ந்து வருகிறதென்றால், அந்த ஊரை இன்றைய பாதையிலிருந்து எடுத்துவிடுவதுதான் என் தேர்வு. இறங்கியபின் நிற்பதைவிட இறங்காமல் இருப்பது மலிவு.

பயணிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ட்ரைடன் விமானத்தில் பயணிகளாக இருந்த இரண்டு விமானிகள் இறக்கையில் பனியைப் பார்த்தார்கள். முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று பேசாமல் இருந்தார்கள். இன்றைய 602.11 அதற்கு இடம் வைக்கவில்லை. கிளம்பும் முன் இறக்கையில் பனி ஒட்டியிருப்பதைப் பணிக்குழுவில் யார் பார்த்தாலும் உடனே கேப்டனிடம் சொல்லியாக வேண்டும். கேப்டனோ அவர் அனுப்பும் இன்னொரு விமானியோ இறக்கையைப் பார்த்தாக வேண்டும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதாவது தெரிந்து, விமானம் டீ-ஐசிங் பக்கம் போகாமல் ஓடுபாதைக்குத் திரும்பினால், பணிப்பெண்ணை அழைத்து ஜன்னலைக் காட்டுங்கள்.